சர்க்கரை டப்பா இல்லாத ஜாம்

அந்த அடுக்களையில் எறும்புக்குப் பயந்து தண்ணீர்த் தட்டின் நடுவில் வைத்திருந்தது சர்க்கரை டப்பாவை மட்டும்தான். அகழிக்குள் இருக்கும் ராஜா என்று அதற்கு நினைப்பு.

அன்று அடுப்பில் மல்பெரிப் பழம் கொதித்துக்கொண்டிருந்தது. எந்த நிமிஷமும் தன்னைக் கூப்பிடுவார்கள் என்று டப்பா காத்திருந்தது. பேரீச்சம்பழம் நாலு உள்ளே போனது. அரை மூடி எலுமிச்சம்பழம் போனது. டப்பாவின் பக்கம் ஒரு கையும் வரவில்லை.

"நான் இல்லாம அது என்னடா ஜாம்?" என்று கிண்டிக்கொண்டிருந்த மரக்கரண்டியிடம் கேட்டது.

"கொஞ்சம் புளிப்புத்தான் அண்ணே. ஆனா பழம் பழமாவே ருசிக்குது," என்றது கரண்டி.

"ருசியை விடு. நான் இருந்தா மாசக்கணக்கில தாங்கும். இல்லேன்னா பத்தே நாள்ல பூஞ்சை பூத்துடும். நீயே பாரு."

டப்பா சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஜாமைப் பழைய ஊறுகாய் பாட்டிலில் நிரப்பி ஃபிரிட்ஜில் வைத்தார்கள். டப்பா அன்றிலிருந்தே நாள் எண்ணத் தொடங்கியது.

மூன்றாம் நாள் காலையிலேயே அந்த பாட்டிலைக் கழுவி, தண்ணீர் சொட்டச் சொட்ட, டப்பாவின் பக்கத்தில் கொண்டுவந்து கவிழ்த்தார்கள். டப்பாவுக்கு உள்ளுக்குள் ஜிலுஜிலுவென்று இருந்தது.

"அடப்பாவமே, அதுக்குள்ள கெட்டுப்போச்சா?" என்று பரிவோடு விசாரித்தது.

"தோசைத் துண்டை விட்டு அடிவரைக்கும் வழிச்சுட்டாங்க அண்ணே," என்றது பாட்டில். "கெடறதுக்கு எங்க விட்டாங்க?"