ஒரே லைனில் மூன்று பேர்

கூடத்து டெலிபோனுக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. அதன் லைனிலேயே படுக்கையறை போனையும் ஃபேக்ஸ் மெஷினையும் மாட்டிய நாளிலிருந்து, மணி அடித்தால் மூன்றும் ஒன்றாகப் பாய்ந்து எடுத்தன.

"அப்பா, நான் வசுமதி. வலி எடுத்துடுச்சு. இப்ப என்னைச் சேர்த்திருக்கிற ஆஸ்பத்திரி..." என்று வீட்டுப் பெண் சொல்லும்போதே ஃபேக்ஸ் 'கீ'யென்று கத்தியது. "யாரு, யாரு?" என்றது படுக்கையறை போன். லைன் போய்விட்டது.

"எல்லாம் உன்னாலதான்!" என்று மூன்றும் மாறி மாறிக் கத்தின. கடைசியில், இனி ஒருத்தர் மட்டும் எடுப்பது என்று ஒத்துக்கொண்டன.

மறுபடியும் மணி அடித்தது. கூடத்து டெலிபோன் வாயை இறுக மூடிக்கொண்டது. மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

"எந்த ஆஸ்பத்திரியாம்?" என்று கூடத்து டெலிபோன் ஆவலாகக் கேட்டது.

"நீ எடுக்கலையா?" என்றன மற்ற இரண்டும்.