இனி இந்தத் தோட்டத்தை மிதிக்காதே

"போடா வெளியே! இனி என் தோட்டத்தை மிதிச்சீன்னா காலை ஒடிச்சுப்போடுவேன்!"

கந்தப்பன் இடது கையால் சாட்டைக் கோலை ஓங்கினார். அவருக்கு வலது கை மணிக்கட்டோடு இல்லை. அதை வெட்டியவன்தான் எதிரில் நின்ற சென்றாயன்.

வாய்க்கால் தண்ணீர்ச் சண்டையில் நடந்தது அது. சென்றாயன் ஜெயிலுக்குப் போனான். அங்கே வேதம் கேட்டுக் கிறிஸ்தவனாகித் திரும்பினான். வந்த நாளிலிருந்து தினமும் விடிவதற்குள் கந்தப்பன் தோட்டத்துக்கு வந்து, மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீரைத் தோல் பறியில் இழுத்துக் கவலை இறைப்பான். கூலி வாங்க மாட்டான். ஒரு வாய் கஞ்சிகூடக் குடிக்க மாட்டான்.

அவனைத்தான் இன்று ஊரே கேட்கும்படி விரட்டிவிட்டார்.

சென்றாயன் நேரே போதகர் ஞானாபரணத்திடம் போய் நின்றான்.

"பாத்தீங்களா ஐயா? அண்ணன் மனசு இன்னும் ஆறலீங்க. என்னையப் போயி உபதேசியாரா இருங்கறீங்களே!"

போதகருக்குத் தலை வலித்தது. கொல்லிமலை அடிவாரத்துக் குடிசைகளில் தங்கி வேதம் சொல்ல ஓர் உபதேசியார் வேண்டும். அந்த ஜனங்கள் சென்றாயன் பேசினால்தான் உட்கார்ந்து கேட்கிறார்கள். போன தை மாதத்திலிருந்து அவரும் இவனைக் கெஞ்சுகிறார். கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான்: "அண்ணன் தோட்டத்துக்குத் தண்ணி எறைக்கணுமுங்க."

"கூப்பிடறது நானாடா? கர்த்தர்! உன் பழசெல்லாம் தெரிஞ்சுதான் கூப்பிடறார். அவரே மன்னிச்சாச்சு, அப்புறம் என்ன?"

"அவரு மன்னிச்சிருப்பாருங்க ஐயா. கை போனது அவருக்கில்லீங்களே."

அந்தப் பேச்சு போதகரின் எரிச்சலை இன்னும் கூட்டியது. சைக்கிளை எடுத்துக்கொண்டு கந்தப்பன் தோட்டத்துக்குக் கிளம்பிவிட்டார்.

அங்கே கந்தப்பன் மாட்டுக் கயிற்றை மொட்டைக் கையில் சுற்றிக்கொண்டு தானே கவலை இறைத்துக்கொண்டிருந்தார். மாடுகள் சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. மேலே வந்த தண்ணீரில் பாதி கிணற்றுக்குள்ளேயே கொட்டியது.

"ஒத்தைக் கையில ஏனுங்க இந்தப் பாடு? சும்மா எறைச்சிட்டிருந்தவனைத் தொரத்திப்போட்டு!" என்று அவர் மனைவி சென்னியம்மாள் வரப்பில் நின்று கத்திக்கொண்டிருந்தாள்.

போதகர் சைக்கிளைவிட்டு இறங்கும்போதே ஆரம்பித்தார்.

"ஏனுங்க, உங்களுக்கு மனசே இல்லீங்களா? ஒரு மனுஷன் எத்தனை காலத்துக்குங்க உங்க காலடியில கெடப்பான்? மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொன்னா நீங்க என்ன கொறைஞ்சா போயிருவீங்க?"

கந்தப்பன் மாட்டை நிறுத்தினார். அவருக்கும் கோபம் வந்துவிட்டது.

"சொல்லலீன்னு யாருங்க சொன்னது? ஜெயில்ல இருந்து வந்த அன்னிக்கே சொன்னேன். மாரியம்மன் கோயில் வாசல்ல நின்னு சொன்னேன். பொங்க, தீவாளின்னு நோம்பிக்கு நோம்பி சொல்றேன். சொன்னா என்னோட காலைக் கட்டிட்டு அழுவான். மறுநா கோழி கூப்பிட இங்க வந்து மாட்டைப் பூட்டுவான். எனக்குச் சலிச்சே போச்சுங்க!"

போதகர் திகைத்துப்போனார். "அப்புறம் எதுக்குங்க இன்னிக்குத் தொரத்தினீங்க?"

"நேத்து நீங்க இங்க வந்து அவனைக் கூப்பிட்டதும், தண்ணி எறைக்கணும்னு அவன் மாட்டேன்னதும் என் காதுல உழுந்துச்சுங்க. இங்கயே கெடந்தான்னா சாகற மட்டும் கந்தப்பன் கையை வெட்டினவனாத்தான் கெடப்பான். கொல்லிமலைப் பக்கம் போயாச்சும் வேற ஆளா இருக்கட்டும்."

சென்னியம்மாள் வரப்பைவிட்டு இறங்கி வந்து மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

போதகர் அவசரமாகச் சைக்கிளைத் திருப்பினார். "இப்பவே போய் அவன்கிட்டச் சொல்றேனுங்க!"

"ஐயோ சாமி, சொல்லிப்போடாதீங்க!" மாட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டார் கந்தப்பன். "நான் கல்லு மனசுக்காரனாவே இருந்துட்டுப் போறேனுங்க. நெசம் தெரிஞ்சா நாளைக்கே திரும்பி வந்துருவான்!"