கென்டில் இந்த வருஷம் செரி இல்லை

லொறி பின்பக்கமாக வந்து பழக் கிட்டங்கியின் வாசலை ஒட்டி நின்றபோது, குகதாசனின் ஜாக்கெட்டுக்குள் ஒரு தேநீர்ப் பிளாஸ்க் இருந்தது. கம்பளிச் சுவெட்டர் ஒன்றைத் தராசுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தான்.

இரண்டும் தம்பிக்கு.

தம்பி ஆனந்தராஜா அந்த லொறிக்குள் இருந்தான். இத்தாலியில் செரிப்பழம் ஏற்றும்போது, காசு வாங்கிக் களவாக ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரனின் ஆட்கள் பெட்டிகளுக்கு நடுவே இடம் விட்டு அவனையும் ஏற்றியிருந்தார்கள். சாரதிக்கு அது தெரியாது. லண்டன் வால்தம்ஸ்டோவில் கதவைத் திறக்கப்போவது அண்ணன்தான் என்பது மட்டும் தம்பிக்குத் தெரியும்.

குகதாசனுக்கே அன்று காலையில்தான் செய்தி வந்தது. அவன் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தபோது, மனைவி கலாவதி தொலைபேசியை வைத்துவிட்டு ஓடிவந்தாள்.

"ஆனந்தனை முந்தநாள் ஏத்தியாச்சாம். இண்டைக்கு உங்கட ஸ்ரோருக்கு வாற லொறியிலதானாம். சுவெட்டர் ஒண்டு கொண்டு போங்கோ."

அடுத்த மாதம் என்றுதான் முதலில் சொல்லியிருந்தார்கள். மிலானில் பொலிஸ் கெடுபிடி கூடிவிட்டதால் அவசரப்பட்டு ஏற்றிவிட்டார்களாம்.

உண்மையைச் சொன்னால், இதற்கெல்லாம் காரணம் உறைபனி.

தொண்ணூற்றேழாம் ஆண்டு ஏப்ரலில், மரமெல்லாம் பூத்து நின்ற நேரம் பார்த்து, லண்டனுக்குக் கிழக்கே கென்ட் பழத்தோட்டங்களில் உறைபனி விழுந்தது. விளைச்சல் எப்படி இருக்கும் என்று பார்க்க முதலாளி டெரெக் ஒரு தோட்டத்துக்குப் போனான். வான் ஓட்டிக்கொண்டு போனவன் குகதாசன்.

மரங்கள் கல்யாண வீடு மாதிரி வெள்ளையும் வெளிச்சமுமாக நின்றன. பயப்பட ஒன்றுமில்லை என்றுதான் இருவரும் நினைத்தார்கள்.

தோட்டக்காரர் ஒரு கிளையை வளைத்து, பூவொன்றைக் கிள்ளி, நகத்தால் பிளந்து காட்டினார். இதழ்கள் வாடவே இல்லை. ஆனால் நடுவில், காயாக வேண்டிய இடம் கறுத்துப்போயிருந்தது. அடுத்த பூவும் அப்படித்தான். அதற்கடுத்ததும் அப்படித்தான். இந்த வருஷம் செரியை மறந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

டெரெக் தலையில் கை வைத்துக்கொண்டான். குகதாசனுக்கோ சிரிப்பை அடக்குவது பெரும்பாடாக இருந்தது.

கென்டில் பழம் இல்லையென்றால் இத்தாலியிலிருந்து லொறி வரும். லொறி வந்தால் தம்பி வரலாம். அந்த வெள்ளிக்கிழமையே கோயிலுக்குப் போய்ப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தான். உறைபனிக்கு நன்றி சொல்லித் தேங்காய் உடைத்த மனிதன் லண்டனில் அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

இப்போது லொறியின் குளிரூட்டி இரைந்துகொண்டிருந்தது. சாரதி கையெழுத்து வாங்க உள்ளே போய்விட்டான். குகதாசன் லொறியின் பக்கச் சுவரில் மூன்று தரம் தட்டி, தம்பியின் பெயரைச் சொன்னான்.

பதில் இல்லை.

நித்திரையாக இருப்பான். ஊரில் பக்கத்து வளவில் செல் விழுந்து வெடித்த இரவிலும் குறட்டை விட்டவன் அவன்.

உள்ளே குளிரும்தான். ஆனால் தாங்கக்கூடிய குளிர். போன கிழமை வந்த முதல் லொறியில் குகதாசனே வெப்பமானியைப் பழத்துக்குள் குத்திப் பார்த்திருந்தான். ஏழு பாகை. மார்ச் மாதத்துக் காலையில் பஸ்ஸுக்கு நிற்பது போலத்தான். காற்றுத் துவாரங்களும் திறந்து கிடந்தன.

அந்த லொறிப் பழத்தில் பாதி இளகிப் பூஞ்சணம் பிடித்துப்போனது வேறு விஷயம். செரியைப் பூச்சியத்தில் வைக்க வேண்டும், துவாரங்களை இறுக்கி அடைக்க வேண்டும் என்று அன்றைக்கே டெரெக்கிடம் சொன்னான். தம்பி இந்தக் கிழமையே வருவான் என்று அப்போது யாருக்குத் தெரியும்? டெரெக் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டான். குகதாசன் சொன்ன எதையும் அவன் ஒருநாளும் காதில் போட்டுக்கொண்டதில்லை. சுவருக்குச் சொல்லியிருந்தாலும் கேட்டிருக்கும் என்று வீட்டுக்கு வந்து கலாவதியிடம் புறுபுறுத்துவிட்டு, அதை அன்றோடு மறந்தும்போனான்.

மறுபடியும் தட்டினான். இந்தமுறை கொஞ்சம் பலமாக. சுவரில் காதை வைத்துப் பார்த்தான். இயந்திரத்தின் இரைச்சல் மட்டும்தான் கேட்டது.

டெரெக் வந்தான். வழக்கமாக உம்மென்று வருகிறவன் முகத்தில் அன்று சிரிப்பு இருந்தது. பக்கத்தில் வந்து குகதாசனின் தோளில் கை போட்டான்.

"நீ சொன்னது சரிதான், குகா. அன்றைக்கே இத்தாலிக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டேன். இந்த லொறி முழுக்கப் பூச்சியத்தில்தான் வந்திருக்கிறது. துவாரமெல்லாம் இறுக்கி அடைத்தாயிற்று."

அவன் குகதாசனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் அன்றுதான் முதல் தரம்.

கதவைத் திற, பழம் எப்படியிருக்கிறது என்று பார்ப்போம் என்றான்.

குகதாசன் தாழ்ப்பாளில் கை வைத்தான். இன்னொரு தரம் தட்டிப் பார்க்க அவனுக்குத் துணிவு வரவில்லை.