வலை கட்டிய பிறகு

ரோலர் கோஸ்டர் ஏறும் இடத்தில் ஒரு பலகை நின்றது. செல்போன், கண்ணாடி, தொப்பி எதையும் மேலே கொண்டு போகாதீர்கள் என்று அதில் எழுதியிருந்தது. ஒருநாள் மேலிருந்து விழுந்த செல்போன் கீழே நின்றவரின் மண்டையைப் பிளந்தது. அதன்பிறகு தண்டவாளத்துக்கு அடியில் வலை கட்டினார்கள்.

"இனிமே கவலைய விடுண்ணே. விழுறத எல்லாம் நான் பிடிச்சுக்கிறேன்" என்று பலகையிடம் சொன்னது வலை.

அன்றிலிருந்து பலகையை ஒருவரும் படிக்கவில்லை. "அதான் வலை இருக்கே" என்று செல்போனும் கையுமாகவே ஏறினார்கள். வலையில் ஓயாமல் ஏதாவது விழுந்துகொண்டே இருந்தது.

ஒரு மத்தியானம் வலை முனகியது. "அண்ணே, நடுவுல கிழிஞ்சிட்டேன். இனிமே எதையும் தாங்க மாட்டேன். ஏறுறவங்ககிட்ட சொல்லேன்."

"நான் சொல்லிக்கிட்டேதான் இருக்கேன் தம்பி" என்றது பலகை.

அப்போது ஒருவன் தன் மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிவந்து, கிழிசலுக்கு நேர் கீழே நிறுத்தினான்.

"இங்கேயே நில்லு. மேல வலை இருக்கு, பயமில்ல. நான் அங்கேருந்து உங்க ரெண்டு பேரையும் வீடியோ எடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, செல்போனோடு ஏறினான்.