கல்லா மண்ணாவில் ஒரு வெளியாள்

அவள் அன்று உடுத்தியிருந்தது பச்சையா நீலமா என்று எனக்கு நிச்சயமில்லை. நான் தலை நிமிர்ந்து பார்த்தேனா என்பதே சந்தேகம்தான்.

பெண் பார்க்கப் போயிருந்தோம். கோவளத்துக்குச் சற்று முன்னால் ஒரு மீனவக் குப்பம். தனியாகப் பேசிவிட்டு வாருங்கள் என்று நிஷாவின் அப்பா கோதண்டம் எங்கள் இருவரையும் வலை பின்னும் கொட்டகைக்கு அனுப்பிவைத்தார்.

நான் பேசவில்லை. எனக்கு அவளைப் பிடித்திருந்தது. அதை எந்த வாக்கியத்தில் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

வெளியே பிள்ளைகள் கல்லா மண்ணா ஆட வந்தார்கள். கொட்டகையின் சிமெண்ட் தரை கல். சுற்றிலும் மண்.

நிஷா எழுந்தாள். "பேசத்தான் வரல. ஓடவாவது வருமா சார்?"

பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு போனேன். அதற்குள் அவள் குனிந்து பிள்ளைகளிடம் ஏதோ சொல்லியிருந்தாள்.

முதலில் பிடிப்பவள் அவள்தான். மண் கேட்டாள். மண்ணில் நிற்பவரைத் தொட்டுவிட்டால் அவுட்.

நான் வேண்டுமென்றே மண்ணில் நின்றேன், அவள் கைக்கெட்டும் தூரத்தில். என்னைத் தாண்டிப் போய்த் தன் தம்பி கார்த்தியைத் தொட்டாள்.

எனக்காக விட்டுக்கொடுக்கிறாள். என் காது சூடானது.

அடுத்து கார்த்தி. அவனும் என்னைத் தாண்டி ஓடினான். அவனுக்குப் பிறகு ஒரு குட்டிப் பெண். என் முழங்காலில் வந்து மோதியவள், "தள்ளுணா" என்று சொல்லிவிட்டு வேறு ஆளைத் துரத்தினாள்.

காது ஆறிவிட்டது. கார்த்தியை நிறுத்தி, ஏன் என்னை மட்டும் யாரும் பிடிப்பதில்லை என்று கேட்டேன்.

"நீங்க ஒப்புக்குச் சப்பாணிணா. அக்கா அப்பவே சொல்டுச்சு."

ஆடத் தெரியாத வாண்டுகளை, அழாமல் இருக்கட்டும் என்று அப்படிச் சேர்த்துக்கொள்வார்கள். தொட்டாலும் அவுட் கிடையாது. எனக்கு இருபத்தொன்பது வயது.

பேண்ட்டை இறக்கிவிட்டு ஷூவைத் தேடினேன். அவள் பதில் தெரிந்துவிட்டது. அம்மாவிடம் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

கார்த்தி பின்னாலேயே ஓடிவந்தான்.

"இன்னாணா, கோச்சிக்கினீங்களா? வெளியாளுன்னா நாங்க சேத்துக்கவே மாட்டோம். அவங்கவங்க வூட்டு ஆளத்தான் சப்பாணியா சேப்போம்."

கோதண்டம் மாமா இப்போது கடலுக்குப் போவதில்லை. கார்த்தி பொத்தேரியில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறான். நானும் நிஷாவும் அஸ்தினாபுரத்தில் இருக்கிறோம். மகளுக்கு நாலு வயது. அவள் தொட்டால் நான் அவுட்தான்.