சின்ன ரூமுக்குக் கமோடு

"மெதுவாய்யா! டைல்ஸ் தெறிச்சா யாரு பொறுப்பு?"

ஜம்பு கைத்தடியால் கதவைத் தட்டினார். காலையிலிருந்து அவருக்கு உட்காரப் பிடிக்கவில்லை. முட்டி வலித்தாலும், ஹாலுக்கும் துணி காயப்போடும் ட்ரை பால்கனியை ஒட்டிய சின்ன ரூமுக்குமாக அலைந்துகொண்டே இருந்தார்.

புனே விமான் நகரில் மகன் முகுந்த் வாங்கிய ஃப்ளாட் அது. வேலைக்காரி தங்கவென்று பில்டர் விட்ட சின்ன ரூம். அதோடு ஒட்டிய, குந்தி உட்காரும் கக்கூஸை மூடிப் புது டைல்ஸ் பதித்தாயிற்று. இன்றைக்குக் கமோடு.

குந்த முடியாத ஆள் இந்த வீட்டில் அவர் ஒருத்தர்தான். அடுத்த வாரம் முட்டி ஆபரேஷன் வேறு. இந்த ரூம் யாருக்கு என்று யாரும் வாய் திறக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

கோர்படி ஏரியாத் தமிழன், ப்ளம்பர் ரவிசந்திரன், பைப் வாயில் ஃப்ளாஞ்ச் வளையத்தை வைத்து, அதன்மேல் கமோடைச் சும்மா நிறுத்திக் காட்டினான். "உட்காந்து பாருங்க பாபி. முட்டி செவுத்துல இடிக்குதா? போல்ட்டு இறுக்கிட்டா அப்புறம் திருப்ப முடியாது."

மருமகள் கிருஷ்ணப்ரியா உட்கார்ந்து பார்த்தாள். "எனக்குக் கரெக்டா இருக்கு. ஓட்டை போடுங்க."

"என்னை ஒரு வார்த்தை கேக்கறாளா பாரு" என்று ஜம்பு முணுமுணுத்தார். பிறகு ரவிசந்திரன் மேல் பாய்ந்தார். "சிமென்ட்ட அப்பினாப் போதாதா? ஸ்க்ரூ இன்னாத்துக்கு?"

"டைல்ஸ் மேல சிமென்ட்டு நிக்காது பெரியவரே. கீழ காங்க்ரீட்டைப் பிடிக்கணும்."

"கதவு இன்னா இவ்ளோ குறுகலா கீது?"

"கமோடையே சாய்ச்சுத்தான் உள்ள கொண்டாந்தேன். வாக்கர்லாம் நுழையாது."

ஜம்புவுக்குச் சுருக்கென்றது. ஆபரேஷன் முடிந்தால் வாக்கர்தான் என்று டாக்டர் சொன்னபோது இவளும்தானே பக்கத்தில் இருந்தாள்? கிழவன் தவழ்ந்து போகட்டும் என்று விட்டுவிட்டார்களா?

ட்ரில் சத்தம் ஓய்வதற்குள் தன் துணிப்பையோடு வந்து நின்றார்.

"ஆபரேஷனும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். வேலூருக்கு டிக்கெட் போடச் சொல்லு உன் புருஷனை."

"என்னாச்சு மாமா?"

"இந்தப் பொந்துல என்னால கெடக்க முடியாது."

கையில் டேப்போடு ரூம் சுவரை அளந்துகொண்டிருந்த கிருஷ்ணப்ரியா திரும்பிப் பார்த்தாள்.

"பெரிய பெட்ரூம் உங்களுக்கு மாமா, இங்க படுக்கப்போறது நாங்க."