உதறிய துண்டு

மருமகள் வெயிலில் நின்றாள்.

அவருக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

குடியரசு தினம். பள்ளிக்கூட மைதானத்து நாற்காலிகளில் எல்லாம் அவருடைய பங்காளிகள். கொடிக்கம்பத்தடியில், காலனியிலிருந்து ஜெயித்து வந்த ஊராட்சித் தலைவர் செவ்வந்தி நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு நாற்காலி போடக் கூடாது என்று முதல் நாளே பேசி வைத்திருந்தார்கள்.

அவரும் தலையாட்டியிருந்தார்.

வார்டு உறுப்பினர் என்று மருமகள் இந்துமதிக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அவள் அதைச் செவ்வந்தி பக்கம் தள்ளினாள். ஒருவன் வந்து பிடுங்கிக்கொண்டு போனான்.

அவளும் நின்றுவிட்டாள்.

வேறொன்றில் போய் உட்காரும்படி கண்ணாலேயே அதட்டினார்.

“தலைவரு உக்காரட்டும் மாமா. பெறவு நான் உக்காருதேன்.”

“என்ன மச்சான், ஒங்க வீட்டுல நாற்காலிக்குப் பஞ்சமா?” என்றார் மைத்துனர்.

சிரிப்பு ஒரு சுற்று போய் வந்தது.

தன் வீட்டுப் பெண் ஊர் நடுவே நிற்பதா? அவருக்கு உடம்பு எரிந்தது.

செவ்வந்தி வெறுங்காலோடு சூட்டுக்குக் கால் மாற்றி நிற்பதை அப்போதுதான் பார்த்தார்.

அவளும் ஒரு வீட்டு மருமகள்.

தன் நாற்காலியைக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தார். கொடுத்தால் யார் என்ன சொல்லிவிட முடியும்?

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

அவருடைய அப்பா காலத்திலிருந்து வரும் வழக்கம். அந்த வீட்டுப் பெரியவர் துண்டை உதறி எழுந்தால் கூட்டம் முடிந்தது.

மைதானமே எழுந்தது.

இரும்பு நாற்காலிகள் படபடவென்று மடங்கின. செவ்வந்திக்குக் கொடுக்க அவர் தூக்கிய நாற்காலியையும், “நீங்க விடுங்க பெரியப்பா” என்று ஒருவன் மரியாதையாக வாங்கி மடக்கினான்.

“போட்டீங்களே மச்சான் ஒரு போடு!” மைத்துனர் காதோரம் குதூகலித்தார்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் எழுந்தது இதற்கல்ல என்று.

எழுந்த பிறகு திரும்ப உட்கார்ந்தவர் அந்த வீட்டில் எவரும் இல்லை.

வழக்கப்படி அவர் முன்னால் நடந்தார்.

பள்ளிக்கூட வாசலைத் தாண்டும்போது, பின்னால் கொடி ஏறியது. இரண்டு பெண் குரல்கள் மட்டும் தேசிய கீதம் பாடத் தொடங்கின.

அவர் நின்றார்.

பின்னால் வந்த அத்தனை பேரும் நின்றார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

கொடிக்கம்பத்தடியிலிருந்து பார்த்தால், எல்லாம் முதுகுகள்.